சொன்னவருக்கு நாம் என்ன கொடுத்தோம்?

(விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவன்)

சென்ற ஆடித் திங்களில் நம் தமிழ் மன்றத்தின் சார்பில் நடந்த பட்டிமன்றம் பலருக்கும் நினைவிருக்கும். "தொற்றுநோயை மறைப்போர் தண்டிக்கப்பட வேண்டியவரே" என்று ஓர் அணி; "அல்லர்" என்று மற்றோர் அணி. இரண்டாவது அணியில் மூன்றாவதாகப் பேசியவன் நான். தோற்றோம். எதிரணி நண்பர் மேசையைத் தட்டி, "மறைத்தவன் கொலைகாரன்!" என்று முழங்கியபோது அரங்கமே அதிர்ந்தது. நடுவராக வந்திருந்த பேராசிரியரும் அக்கைதட்டலின் பக்கமே சாய்ந்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. அன்று மேடையில் சொல்ல நாக்கு எழாமல் விழுங்கிவிட்ட ஒரு செய்தி உண்டு. அதுதான் வருத்தம். அதை இந்த மலரில் எழுதுகிறேன். கட்டுரையைக் குறளோடு தொடங்கவில்லையே என்று தமிழ்த்துறை ஐயா கோபிக்கக் கூடாது. நான் அறிவியல் மாணவன். சோதனைக் குழாயில் கண்டதிலிருந்துதான் தொடங்கத் தெரியும்.

நம் மாவட்டத்தில் நடந்ததை முதலில் சொல்கிறேன்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியில் ஓர் இளைஞர் இரத்தம் கொடுத்தார். பிரசவத்திற்குச் சேர்ந்திருந்த உறவினர் ஒருவருக்காக வந்தவர் அவர். வயது பத்தொன்பது. அந்த இரத்தம் அந்த உறவினருக்குப் பயன்படவில்லை. டிசம்பர் 3ஆம் நாள் சாத்தூர் அரசு மருத்துவமனையில், இரத்தச்சோகையோடு இருந்த மற்றொரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு அது ஏற்றப்பட்டது. அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது.

எப்படித் தெரிய வந்தது? அந்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்குப் போக மதுரையில் மருத்துவச் சோதனை செய்துகொண்டார். தமக்குத் தொற்று இருப்பது அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. உடனே என்ன செய்தார்? ஊரைவிட்டு ஓடினாரா? வாயை மூடிக்கொண்டு இருந்தாரா? இல்லை. தாம் இரத்தம் கொடுத்த இடத்திற்கே தகவல் சொன்னார். "என் இரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள்" என்பதுதானே அதன் பொருள்! அதற்குள் காலம் கடந்துவிட்டது.

டிசம்பர் கடைசி வாரத்தில் செய்தி நாடு முழுதும் பரவியது. ஊர் முழுக்கப் பேச்சு. அந்த இளைஞர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். டிசம்பர் 30ஆம் நாள் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இறந்துபோனார்.

இதில் மனத்தைக் குத்துவது இன்னொன்று. 2016ஆம் ஆண்டிலேயே அவர் ஒருமுறை இரத்தம் கொடுத்திருந்தார் என்றும், அப்போதே கிருமி தென்பட்டது என்றும், ஆனால் அந்தச் செய்தி அவருக்குச் சொல்லப்படவே இல்லை என்றும் அந்நாளில் இதழ்கள் எழுதின. எண்ணிப் பாருங்கள், நண்பர்களே! நோய் இருப்பதை மறைத்தவர் யார்? தெரிந்தவுடன் சொன்னவர் அந்தப் பத்தொன்பது வயதுப் பையன். அவர் இறந்தபோது இருந்த வயதைவிட இன்று எனக்கு ஒரு வயது அதிகம்.

அந்தப் பெண்ணுக்கு 2019 சனவரியில் மதுரையில் பெண்குழந்தை பிறந்தது. தாய்க்கு மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் சோதனையில் தெரிந்தது. மருந்தே இல்லாவிட்டால் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து வரை. மருந்து கொடுத்தால் ஐந்துக்கும் கீழ். ஆய்வகப் பணியாளர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அதே 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து இலட்ச ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. நியாயந்தான். அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். ஆனால் சொன்னவருக்கு நாம் என்ன கொடுத்தோம்?

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பட்டிமன்றத்திற்காக நூலகத்தில் தேடியபோது கிடைத்த ஒரு பழைய வழக்கு என் தூக்கத்தைக் கெடுத்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 269, 270 என்று இரண்டு பிரிவுகள் உண்டு. உயிருக்கு ஆபத்தான நோயைப் பரப்பக்கூடிய செயலைக் கவனக்குறைவாகச் செய்தால் ஆறு மாதம். கெட்ட எண்ணத்தோடு செய்தால் இரண்டு ஆண்டு. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவையே 271, 272 என்று எண் மாறி உட்கார்ந்திருக்கின்றன. எண் மாறியதே தவிர எண்ணம் மாறவில்லை.

இந்த 269ஆம் பிரிவின் கீழ் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு 1883இல் பதிவாகியிருக்கிறது. கிருஷ்ணப்பா என்பவர் தமக்குக் காலரா இருப்பது தெரிந்தும் இரயில்வே அதிகாரிகளிடம் சொல்லாமல் இரயிலில் பயணம் செய்தார் என்பது குற்றம். தண்டனை உறுதியாயிற்று. அவரோடு வந்தவரும் தப்பவில்லை. நோய் தெரிந்திருந்தும் பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்துக் கூடவே பயணம் செய்தார் என்பதால் அவர் உடந்தைக் குற்றவாளி ஆனார். (நம் துறை நண்பர்களுக்கு ஒரு வேடிக்கை: இராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியை அடையாளம் கண்டது 1884இல். கிருமி பிடிபடுமுன்பே நோயாளி பிடிபட்டுவிட்டார்!)

சொன்னால் இரயிலில் ஏற்றியிருப்பார்களா? ஏற்றியிருக்க மாட்டார்கள். வேறு வண்டி கொடுத்திருப்பார்களா? மாட்டார்கள். நடுவழியில் கிடந்து சாவதா, சொல்லாமல் ஊர் போய்ச் சேர்வதா என்பதுதான் அந்த மனிதருக்கு இருந்த கேள்வி. அந்தக் கேள்வியைப் பற்றி 269ஆம் பிரிவு பேசுவதில்லை.

இதைப் படித்து நான் ஏன் தூங்காமல் கிடந்தேன்? ஏனெனில், அந்த வழக்கில் பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்தவன் நான்.

நான் இக்கல்லூரியில் சேர்ந்த ஆண்டு. என் தாயார் பட்டாசு ஆலையில் பெட்டி கட்டும் பகுதியில் வேலை. என் தந்தையார் இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். என் பேருந்துக் காசும் நோட்டுக் காசும் அம்மாவின் வாரக்கூலியிலிருந்து வந்தவை. புரட்டாசியில் அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. மருந்துத் தூசி என்று நினைத்தோம். இந்தப் பக்கத்தில் யாருக்குத்தான் இருமல் இல்லை? பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி கொடுத்துப் பார்த்ததில் காசநோய் என்றார்கள். ஆறு மாத மாத்திரை. தொடக்கத்தில் இரண்டு வாரமாவது மற்றவர்களோடு நெருங்கி இருக்க வேண்டாம், மாத்திரை பிடித்துவிட்டால் பயமில்லை என்று அந்த அம்மையார் பொறுமையாகச் சொன்னார்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் எப்படிப்பட்டவை என்று நம் பகுதியினருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. அப்போது வேலைக்குப் போகாவிட்டால் போனசு போகும். போனசு போனால் கடனுக்கு வட்டி நிற்கும். போர்மேனிடம் சொன்னால் விடுப்பு கிடைக்கும். திரும்ப வேலை கிடைக்குமா? அதே ஆலையில் அதற்கு முந்தைய ஆண்டு ஒரு பெரியம்மாளுக்கு இதே நோய் என்று தெரிந்ததும், "குணமான பிறகு வா ஆத்தா" என்று அனுப்பினார்களாம். குணமாகிப் போனபோது, "இடம் இல்லை ஆத்தா" என்றார்களாம். அம்மா சொன்னார்: "ஏய்யா, பத்து நாள்தான். தீபாவளி கழியட்டும். யாருகிட்டயும் மூச்சு விட்றாத." நான் மூச்சு விடவில்லை. விடியற்காலையில் ஆலை வேன் வரும். நான்தான் தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்து அம்மாவை ஏற்றிவிடுவேன். உள்ளே இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். சன்னலை யாரும் திறக்கமாட்டார்கள், மார்கழிக்கு முன்பே பனி என்பார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரத்தில் உட்காருவார்.

பத்து நாள். அதில் யாருக்கும் ஒட்டியதா, இல்லையா? நாங்கள் அறிந்தவரை யாரும் படுக்கவில்லை. ஆனால் காசநோய்க் கிருமி உள்ளே போய் ஆண்டுக்கணக்கில் உறங்கும் இயல்புடையது என்று படித்தவன் நான். ஆகவே "இல்லை" என்று எழுத என் பேனா ஓடவில்லை. 1883ஆம் ஆண்டுத் தீர்ப்பை வைத்துப் பார்த்தால் அம்மா கிருஷ்ணப்பா, நான் உடந்தை. "மறைத்தவன் கொலைகாரன்!" என்று அன்று அரங்கம் கைதட்டியபோது நான் மேடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். நோய்ச்செய்தி யாருடையதோ அவரைக் கேட்காமல் வெளியிடக் கூடாது என்பதுதானே என் கட்சி! "நான்தான் முழுசும் நல்லாயிட்டேனே, எழுது. ஆலை பேரை மட்டும் போட்றாதய்யா" என்றார்.

இப்பொழுது என் கட்சியைச் சொல்கிறேன். மறைப்பது தவறில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த வேனில் இருந்த பெண்களுக்கு ஓர் உரிமை இருந்தது. அதை நாங்கள் பறித்தோம். சாத்தூர்ப் பெண்ணுக்கும் நல்ல இரத்தம் பெறும் உரிமை இருந்தது. ஆனால் சொல்பவனுக்கு இழப்பையும் சொல்லாதவனுக்குத் தண்டனையையும் மட்டும் வைத்திருக்கும் சட்டம் உண்மையை வெளியே கொண்டுவருமா? அப்படிப்பட்ட சட்டத்தைக் கண்டு ஏழை என்ன செய்வான்? சோதனைக்கே போகமாட்டான். "தெரிந்தே செய்தாய்" என்பதுதானே குற்றம்? தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டால் குற்றமில்லையே! அம்மாவுக்கும் அந்த அறிவு முன்பே வந்திருந்தால் சளியே கொடுத்திருக்கமாட்டார். இருமிக்கொண்டே பல மாதம் அந்த வேனில் போயிருப்பார். தண்டனையை மட்டும் நம்பும் சட்டத்தின் பலன் இதுதான்.

நம் நாட்டில் இதைப் புரிந்துகொண்ட சட்டம் ஒன்று இருக்கிறது. அது எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். 2017இல் நிறைவேறியது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. சிவகாசியில் அந்த இரத்தம் எடுக்கப்பட்ட நாளில் அச்சட்டத்திற்கு மூன்று மாதம்கூட நிரம்பவில்லை. அது என்ன சொல்கிறது? ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது. தம் நிலையை வெளியிடும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது; நீதிமன்றம் ஆணையிட்டால் ஒழிய. வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் வாடகை வீட்டிலும் பாகுபாடு காட்டக் கூடாது. இவ்வளவையும் கொடுத்துவிட்டு, அதன் பிறகே கடமையைக் கேட்கிறது: நோயின் தன்மை அறிந்தவர், பிறருக்குப் பரவாமல் தக்க முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும். வாழ்க்கைத் துணைக்கு ஆபத்து உண்டு, எவ்வளவு எடுத்துச் சொல்லியும் நோயாளி அவரிடம் சொல்லப் போவதில்லை என்று மருத்துவர் உறுதியாகக் கண்டால், நோயாளியிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, அந்தத் துணைக்கு நேரில் சொல்லலாம். சொன்னால் அடி உதை விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்ற நிலையிலுள்ள பெண்ணுக்கு அதிலும் விலக்கு உண்டு. இதை எழுதியவர்கள் நம் ஊர்ப் பெண்கள் வாழும் வீடுகளை அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த அறிவு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1995இல் நாகாலாந்தைச் சேர்ந்த ஒரு மருத்துவர், உறவினரின் சிகிச்சைக்காகச் சென்னை மருத்துவமனை ஒன்றுக்கு வந்தார். அங்கே அவர் இரத்தம் கொடுத்தபோது தொற்று தெரிந்தது. செய்தி வெளியே போயிற்று, நிச்சயித்த திருமணம் நின்றது, ஊரும் ஒதுக்கியது. வழக்குப் போட்டார். 1998இல் உச்சநீதிமன்றம், மணப்பெண்ணின் நலவாழ்வு உரிமையே பெரிது, மருத்துவமனை சொன்னது தவறன்று என்றது. அதுவரைக்கும் நானும் ஒப்புவேன். அதோடு நிற்காமல், இத்தகைய நோயாளிக்குத் திருமண உரிமையே நிறுத்திவைக்கப்பட்டது என்றும் அத்தீர்ப்பு கூறியது. அந்தப் பகுதி தேவையற்றது என்று 2002இல் அந்நீதிமன்றமே எடுத்துவிட்டது. உச்சநீதிமன்றமே நான்கு ஆண்டில் மனம் மாறலாம் என்றால், நம் பட்டிமன்ற நடுவரும் ஒருநாள் மாறலாம்!

ஏட்டில் இருக்கும் சட்டம் சிவகாசிக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. புள்ளிராசா விளம்பரம் வந்து இருபது ஆண்டுக்கு மேலாகிறது. இன்றும் நம் விடுதியில் ஒருவன் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்கிறோம். கேலிதானே என்பீர்கள். கேலி செய்யப்படும் இடத்தில் யார் வாய் திறப்பார்?

2020இல் கொரோனா வந்தபோது பார்த்தோமே! வீட்டுக் கதவில் தாள் ஒட்டினார்கள். தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். தாள் ஒட்டிய வீட்டுக்குப் பால்காரர் வரவில்லை. பக்கத்து வீட்டார் சன்னலைச் சாத்தினார்கள். விளைவு? காய்ச்சல் வந்தவர் கசாயம் குடித்துவிட்டுச் சோதனைக்குப் போகாமல் ஒளிந்தார். எங்கள் தெருவிலேயே மூவர். அதிகாரி சட்டப்படி ஆணையிட்டால் ஒழிய அப்படி ஒட்டக் கூடாது என்று அந்த ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் கல்லெறிந்தார்கள். பிறகுதான், அடக்கத்தைத் தடுப்போருக்குச் சிறை என்று தமிழக அரசு பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தியது. 1939ஆம் ஆண்டின் அந்தப் பழைய சென்னை மாகாணச் சட்டம் நோயாளியைத்தான் கட்டுப்படுத்தியிருந்தது. ஊராரைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது தெரிய எண்பது ஆண்டு ஆயிற்று.

என் முக்கியமான குறை இதுதான்: 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பு எச்.ஐ.வி.க்கு மட்டுமே. காசநோய்க்காரருக்கு அது இல்லை. மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளவருக்கும் இல்லை. காசநோயை 2012 முதல் அரசுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காத மருத்துவரும் மருந்துக்கடைக்காரரும் 269, 270இன் கீழ் தண்டிக்கப்படலாம் என்று 2018 மார்ச்சில் ஆணை வந்தது. நல்லது, அரசுக்குத் தெரிய வேண்டியதுதான். அரசுக்குத் தெரிந்த பெயர் ஆலைக்கும் தெருவுக்கும் போகாது என்று உறுதி கூறும் சட்டம் எங்கே? "உனக்கு நோய் என்பதால் வேலையிலிருந்து நீக்கினோம்" என்று சொன்னால் கேட்கும் சட்டம் எங்கே? அம்மாவுக்கு அது இருந்திருந்தால் அந்தப் பத்து நாள் நடந்திராது.

சட்டம் மட்டும் போதுமா? கூலியும் வேண்டும். தொழிலாளர் ஈட்டுறுதிக் கழகத்தில், அதாவது நாம் சொல்லும் ஈ.எஸ்.ஐ.யில், காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு ஊதியத்தில் நூற்றுக்கு எண்பது வரை கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. சிவகாசியில் அதற்கு மருத்துவமனையே இருக்கிறது. ஆனால் அட்டை இருந்தால்தானே? உள்குத்தகைக்கு எடுத்த அறைகளில் எண்ணிக்கைக் கூலிக்கு உட்காரும் பெண்களில் எத்தனை பேர் பெயர் ஏட்டில் ஏறியிருக்கிறது? அம்மாவின் பெயர் ஏறியிருக்கவில்லை. அரசு காசநோயாளிக்குச் சத்துணவுக்கென்று மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் ஆயிரம். அந்தப் பணம் முட்டைக்கு ஆயிற்று என்பதை நன்றியோடு சொல்கிறேன். வாடகைக்கு ஆகாது.

"கெட்ட எண்ணத்தோடு பரப்புகிறவனை என்ன செய்வாய்?" என்று பட்டிமன்றத்தில் கேட்டார்கள். தண்டிக்கத்தான் வேண்டும். அப்படிப்பட்டவனுக்காக 272ஆம் பிரிவு இருந்துவிட்டுப் போகட்டும். என் வழக்கு 271ஐப் பற்றியது. பயத்தால் மறைப்பவனைப் பற்றியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், எச்.ஐ.வி.யை மறைப்பதைப் பெருங்குற்றமாக வைத்திருந்தார்கள். 2017இல் சட்டம் இயற்றி அதைச் சிறுகுற்றமாகக் குறைத்தார்கள். மருந்து ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி அளவிட முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்றுவதில்லை என்று அறிவியல் நிறுவியபிறகு பழைய சட்டத்தைக் கட்டி அழுவானேன்? இரத்ததானத்துக்கு அது பொருந்தாது. அவர்கள் இரத்தம் கொடுக்கக் கூடாது என்பதில் மாற்றமில்லை.

இரத்ததானம் என்றதும் நம் கல்லூரிக்கே வருகிறேன். நம் நாட்டு நலப்பணித் திட்டமும் செஞ்சுருள் சங்கமும் சேர்ந்து நடத்திய முகாமில் நானும் கொடுத்தேன். கொடுக்குமுன் ஒரு படிவம் தருவார்கள். மஞ்சள் காமாலை வந்ததுண்டா, காசநோய் உண்டா, ஊசிப் பழக்கம் உண்டா, பாதுகாப்பற்ற உறவு உண்டா என்று கேள்விகள். இந்தக் கேள்விகள் வெறும் சடங்கல்ல. கொடுக்கப்படும் ஒவ்வொரு பையையும் எச்.ஐ.வி., இருவகைக் காமாலை, கிரந்தி, மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கிருமி புகுந்தவுடன் சோதனையில் அகப்படாது. உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கச் சில வாரம் ஆகும். அதுவரை இரத்தம் சுத்தமானதுபோல் நடிக்கும். அந்த இடைவெளியில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை நோயாளியைக் காப்பாற்றாது. கொடுப்பவரின் உண்மை ஒன்றுதான் காப்பாற்றும்.

அத்தகைய படிவத்தை நாங்கள் எப்படி நிரப்பினோம் தெரியுமா? ஒரே பெஞ்சில் ஐந்து பேர். ஒரே பேனா. தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க இன்னும் நான்கு பேர். பாதுகாப்பற்ற உறவு என்ற கேள்வி வந்ததும் ஒரே சிரிப்பு. எல்லாரும் "இல்லை, இல்லை, இல்லை" என்று மளமளவென்று கோடு போட்டுத் தள்ளினோம். என் பக்கத்திலிருந்த நண்பனும் போட்டான். பட்டிமன்றம் முடிந்த அன்று இரவு அவன் என் அறைக்கு வந்தான். மேல்நிலை வகுப்பில் அவனுக்குக் காமாலை வந்ததாம். கீழாநெல்லி குடித்துச் சரியாயிற்றாம். எவ்வகைக் காமாலை என்று யாரும் பார்க்கவில்லையாம். "படிவத்துல இல்லைன்னு போட்டுட்டேன்டா. எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தானுங்க" என்றான்.

முகாம் முடிந்து நாளாகிவிட்டது. மறுநாள் காலையில் இருவரும் இரத்த வங்கிக்குப் போனோம். அட்டையில் இருந்த எண்ணைக் காட்டி அவன் சொன்னான். உள்ளே இருந்த அண்ணாச்சி திட்டவில்லை. கூட இருந்தவர்களைக் கூப்பிடவும் இல்லை. ஏட்டைப் புரட்டினார். "இந்தப் பை இன்னும் இங்கதான் இருக்கு. எடுத்து வச்சிடுறேன். சொன்னீங்களே தம்பி, அதுவே பெருசு" என்றார். பிறகு நண்பனைத் தனியே அழைத்து, என்ன சோதனை செய்ய வேண்டும், எங்கே செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் நண்பன் பேசவில்லை. பேருந்து நிலையத்தில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். இதையும் அவனைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

வரும் ஆண்டு முகாமுக்குப் பொறுப்பாசிரியரிடம் மூன்று விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். படிவத்தை ஒவ்வொருவரும் தனியே உட்கார்ந்து நிரப்ப, வேதியியல் ஆய்வகத்தின் பக்கத்து அறையைத் திறந்துவிட வேண்டும். கொடுத்த பிறகு மனம் மாறினால், பெயர் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லக்கூடிய தொலைபேசி எண்ணை அட்டையில் அச்சிட வேண்டும். சோதனையில் ஏதேனும் தென்பட்டால், ஒட்டிய உறையில் அவரவர் கையில் மட்டும் சேர வேண்டும். அல்லது அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையத்துக்கு அவரை மட்டும் அழைத்துச் சொல்ல வேண்டும். 2016இல் ஒருவருக்குச் சொல்லப்படாமல் போனதுபோல் நம் மாணவர் ஒருவருக்கும் ஆகக் கூடாது. அறையைத் திறக்க முதல்வர் அவர்களின் ஒப்புதல் வேண்டுமாம். எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. சாவி அலுவலகக் கண்காணிப்பாளரிடம் இருக்கிறது என்றார்கள். திங்கட்கிழமை போய்க் கேட்க வேண்டும்.